மின்கார்: நிறுத்துமிடத்தில் தொடங்கும் கணக்கு

ஒரே நகரம், ஒரே கார். ஆனால் மாட்டுங்காவில் ஒரு செலவு, செம்பூரில் ஒரு செலவு, தாராவியில் வேறொரு செலவு. அன்றாட ஓட்டத்திலிருந்து நெல்லைப் பயணம் வரை, கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

மின்சாரத்தில் பயணம் செய்வது மும்பைக்குப் புதிதன்று. 1907-ஆம் ஆண்டிலேயே இந்நகரில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்குப் புறப்பட்ட வண்டியே இந்தியாவின் முதல் மின்சார ரயில். இன்று பெஸ்ட் நிறுவனத்தின் மின்சாரப் பேருந்துகள் நகரெங்கும் ஓடுகின்றன. ஆனால் டிராமுக்கும் ரயிலுக்கும் பேருந்துக்கும் மின்சாரத்தைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பை அவற்றை நடத்தும் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டன. சொந்தமாக மின்கார் வாங்குபவர் அந்தப் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார்.

பெங்களூரில் 2001-ஆம் ஆண்டு ரேவா என்ற சிறிய மின்கார் விற்பனைக்கு வந்தபோது அது ஒரு புதுமைப் பொருளாகவே பார்க்கப்பட்டது. 2020 ஜனவரியில் டாட்டா நெக்ஸான் மின்கார் வந்த பிறகே நடுத்தரக் குடும்பங்கள் இதைத் தமக்கான வாகனமாக எண்ணத் தொடங்கின. இப்போது மஹிந்திரா, எம்.ஜி. எனப் பல நிறுவனங்களின் மாதிரிகள் சந்தையில் உள்ளன. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் தொழிற்சாலையையே திறந்துவிட்டது.

காட்சிக்கூடத்துக்குச் செல்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, “ஒருமுறை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் போகும்?” என்பதே. மும்பையில் அதற்கும் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இரவில் இந்தக் கார் எங்கே நிற்கும்?

ஒரு யூனிட்டின் விலை

கணக்கை எளிமையாக்கிக் கொள்வோம். ஒரு குடும்பம் மாதம் 1,000 கி.மீ. வீதம் ஆண்டுக்கு 12,000 கி.மீ. கார் ஓட்டுவதாக வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு 800 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் ஆண்டுச் செலவு 80,000 ரூபாய்.

நடுத்தர அளவுள்ள மின்கார், சார்ஜ் செய்யும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், மீட்டரில் ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறத்தாழ 6 கி.மீ. ஓடும். 12,000 கி.மீ.க்கு 2,000 யூனிட் தேவை. வீட்டிலேயே சார்ஜ் செய்து, யூனிட் 10 ரூபாய் என்று கொண்டால் 20,000 ரூபாய் ஆகும். பொது நிலையங்களையே நம்பியிருந்து, யூனிட்டுக்கு 20 ரூபாய் கொடுத்தால் 40,000 ரூபாய் ஆகும்.

ஆண்டுச் சேமிப்பு முதலாமவருக்கு 60,000 ரூபாய், இரண்டாமவருக்கு 40,000 ரூபாய். பெட்ரோல் காரைவிட மின்கார் 3 லட்சம் ரூபாய் கூடுதல் விலை என்றால், எரிபொருள் சேமிப்பால் மட்டும் அந்தத் தொகையை மீட்க முதலாமவருக்கு 5 ஆண்டுகள் போதும். இரண்டாமவருக்கு ஏழரை ஆண்டுகள் ஆகும். கார் ஒன்றுதான். சாக்கெட் இருக்கும் இடம் இரண்டரை ஆண்டுகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது.

வீட்டு மீட்டரிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மாதத்துக்கு ஏறத்தாழ 167 யூனிட் கூடும்போது, படிப்படியாக உயரும் வீட்டுக் கட்டணத்தில் அந்தக் கூடுதல் யூனிட்டுகள் மேல் படியில் போய் விழும். மின்வாகனங்களுக்கெனத் தனிக் கட்டணப் பிரிவு மகாராஷ்டிரத்தில் உள்ளது. தனி மீட்டர் வாங்குவது உங்கள் வீட்டுக்கு லாபமா என்பதை, கடந்த ஓராண்டு மின்கட்டணச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் தெரிந்துவிடும். மாட்டுங்கா, தாராவி பகுதிகளில் பெரும்பாலும் பெஸ்ட் நிறுவனமும், செம்பூரில் அதானி எலெக்ட்ரிசிட்டி, டாட்டா பவர் நிறுவனங்களும் மின்சாரம் வழங்குகின்றன. விசாரிக்க வேண்டிய அலுவலகமும் அதற்கேற்ப மாறும்.

மாட்டுங்கா: பழைய கட்டடமும் தெருவோரமும்

பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த தாதர்–மாட்டுங்கா திட்டத்தில் எழுந்த கட்டடங்கள் பல இன்றும் நிற்கின்றன. அகன்ற தெருக்களும் மர நிழலும் காற்றோட்டமான வீடுகளும் இங்கே உண்டு. ஆனால் அவை கட்டப்பட்ட காலத்தில் வீட்டுக்கு ஒரு கார் வரும் என்று யாரும் எண்ணவில்லை. எனவே பல குடும்பங்களின் கார்கள் இரவில் தெருவோரத்திலேயே நிற்கின்றன.

வளாகத்துக்குள் இடம் இருப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது எர்த் இணைப்பு. காருடன் தரப்படும் சார்ஜர், எர்த் சரியில்லாவிட்டால் வேலை செய்ய மறுத்துவிடும். அது பாதுகாப்புக்கான ஏற்பாடு. பழைய கட்டடங்களில் அடிக்கடி எதிர்ப்படுவது. கார் வந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட, முன்பதிவு செய்யும் முன்பே உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்துச் சோதிப்பது நல்லது. சார்ஜருக்கெனத் தனி ஒயரும் தனி பிரேக்கரும் மின்கசிவைத் தடுக்கும் சாதனமும் வேண்டும். சன்னலிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு நடைபாதையின் குறுக்கே இழுப்பது எந்நிலையிலும் கூடாது. மழைக்காலத்தில் அது உயிருக்கே ஆபத்து.

தெருவோரத்தில் மட்டுமே இடம் உள்ளவர், அலுவலகத்தில் சார்ஜ் செய்ய வழி உண்டா என்று பார்க்க வேண்டும். பகலில் எட்டு மணி நேரம் நிற்கும் அலுவலக நிறுத்துமிடம் இரவு நிறுத்துமிடத்துக்கு இணையானது. இரண்டும் இல்லையென்றால், வாரம் இருமுறை பொது நிலையத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செலவிட வேண்டியிருக்கும். அந்த நேரத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மழையைப் பற்றியும் ஒரு சொல். கிங்ஸ் சர்க்கிளிலும் சயனிலும் நீர் தேங்குவது இப்பகுதியினர் அறிந்ததே. இன்றைய மின்கார்களின் பேட்டரிகள் பெரும்பாலும் ஐ.பி.67 தரச்சான்று பெற்றவை. ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் வரை நீர் உட்புகாமல் தாங்கும் என்பது அதன் பொருள். வெள்ளத்தில் ஓட்டலாம் என்பதற்கான அனுமதி அன்று அது. தண்ணீரில் நின்ற காரை இயக்காமலும் சார்ஜ் செய்யாமலும் இழுவை வண்டியை அழைக்க வேண்டும். காப்பீட்டில் பேட்டரிக்கும் சார்ஜருக்குமான கூடுதல் பாதுகாப்பு இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

செம்பூர்: சொசைட்டிக் கூட்டத்தில் ஒரு தீர்மானம்

மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. இங்கே ஹவுசிங் சொசைட்டி வளாகங்களில் நிறுத்துமிடம் ஓரளவு கிடைக்கிறது. சிக்கல் இடத்தில் இல்லை, இசைவில் இருக்கிறது. பொது மீட்டரிலிருந்து ஒருவர் காருக்கு மின்சாரம் எடுத்தால் கட்டணம் யார் தருவது? கட்டடத்துக்கு ஒதுக்கப்பட்ட மின்பளு போதுமா? விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? உறுப்பினர்கள் எழுப்பும் இந்தக் கேள்விகள் நியாயமானவை.

மத்திய மின்துறை அமைச்சகம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வாகன உரிமையாளர் தம் வீட்டின் தற்போதைய இணைப்பிலிருந்தோ புதிய இணைப்பு பெற்றோ சார்ஜ் செய்துகொள்ளலாம் என்கின்றன. இதைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுவதைவிட, ஒரு திட்டத்தோடு கூட்டத்துக்குச் செல்வது பலன் தரும். உறுப்பினரின் சொந்த மீட்டரிலிருந்து தனி ஒயர் இழுப்பது ஒரு வழி. நிறுத்துமிடத்தில் துணை மீட்டர் வைத்து மாதந்தோறும் சொசைட்டிக்குச் செலுத்துவது மற்றொரு வழி. நான்கைந்து உறுப்பினர்கள் சேர்ந்து பொதுச் சார்ஜர் ஒன்றை நிறுவுவது மூன்றாவது வழி. எதுவாயினும் தீர்மானத்தை எழுத்தில் பதிவு செய்துகொள்வது பின்னாளைய மனக்கசப்பைத் தவிர்க்கும்.

நார்வே நாட்டில் 2024-இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது ஏறத்தாழ மின்கார்களே. வரிச்சலுகைகள் அதற்குப் பெரிய காரணம். அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஜர் வைக்கக் கேட்கும் உறுப்பினருக்குத் தகுந்த காரணமின்றிச் சங்கம் மறுப்பளிக்க முடியாது என அங்கே சட்டமும் இருக்கிறது. குளிர் நாட்டிலும் அடுக்குமாடிக் குடும்பங்களின் முதல் கவலை நிறுத்துமிடம்தான் என்பதை இது காட்டுகிறது.

செம்பூரின் பழைய காலனிகள் பல மறுசீரமைப்புக்குத் தயாராகி வருகின்றன. கட்டுநருடன் ஒப்பந்தம் பேசும் சொசைட்டிகளுக்கு இது அரிய வாய்ப்பு. புதிய கட்டடங்களின் நிறுத்துமிடங்களில் 20 சதவீதம் மின்வாகனங்களுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 2019-இல் திருத்தப்பட்ட மத்திய மாதிரிக் கட்டட விதிகள் பரிந்துரைக்கின்றன. ஒவ்வோர் இடத்துக்கும் ஒயர் செல்லும் குழாயையும் போதிய மின்பளுவையும் கட்டும்போதே கேட்டுப் பெற்றால் செலவு குறைவு. பிறகு தரையைக் கொத்துவதென்றால் பல மடங்காகும்.

தாராவி: பிழைப்புக்கு ஓடும் வண்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நெல்லைச் சீமையினர் தோல் பதனிடும் தொழிலை நம்பித் தாராவியில் குடியேறினர். இன்று அவர்களின் வழித்தோன்றல்களில் வாடகைக் காரும் சரக்கு வண்டியும் ஓட்டிப் பிழைப்பவர்கள் உண்டு. குறுகிய சந்துகளில் சொந்த நிறுத்துமிடம் என்பது பெரும்பாலோருக்குக் கிடையாது. இவர்களுக்கு மின்கார் லாபமா என்ற கேள்விக்கு விடை சொல்ல, பெட்ரோலோடு ஒப்பிட்டுப் பயனில்லை. மும்பையின் வாடகைக் கார்கள் ஓடுவது சி.என்.ஜி.யில்.

சி.என்.ஜி. கிலோ 80 ரூபாய், கிலோவுக்கு 22 கி.மீ. என்று கொண்டால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 60 காசு ஆகிறது. யூனிட் 20 ரூபாய்க்குப் பொது நிலையத்தில் சார்ஜ் செய்தால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 30 காசு. மிச்சம் 30 காசு மட்டுமே. வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் இழக்கும் சவாரி அதை விழுங்கிவிடும். யூனிட் 10 ரூபாய்க்குக் கிடைக்கும் இரவு நிறுத்துமிடம் அமைந்தால் செலவு 1 ரூபாய் 70 காசாகக் குறையும். ஆண்டுக்கு 45,000 கி.மீ. ஓட்டுபவருக்கு அப்போது 85,000 ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். ஆகவே வாகனக் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன், சார்ஜ் வசதியுள்ள நிறுத்துமிடத்தை மாத வாடகைக்குப் பேசி முடிப்பதே ஓட்டுநரின் முதல் வேலை. பேட்டரியில் ஓடும் வாடகை வாகனங்களுக்கு 2018 முதல் பெர்மிட் தேவையில்லை என்பது கூடுதல் வசதி.

ஊருக்குப் போகும் பாதை

மும்பையிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 1,600 கி.மீ. புனே, சாத்தாரா, கோலாப்பூர், பெலகாவி, ஹுப்பள்ளி, சித்ரதுர்கா வழியாகப் பெங்களூரை அடைந்து, கிருஷ்ணகிரி, சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை என்று இறங்க வேண்டும். பாதை முழுவதும் அகன்ற நெடுஞ்சாலை. ஆங்காங்கே உணவகங்களை ஒட்டி விரைவுச் சார்ஜர்கள் இருக்கின்றன.

முதல் சோதனை நகரை விட்டு நீங்கிய சிறிது நேரத்திலேயே வருகிறது. கோபோலியைத் தாண்டியதும் லோனாவாலா நோக்கிப் போர் காட் மலையேற்றம். 1,700 கிலோ எடையுள்ள காரை 550 மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ இரண்டரை யூனிட் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். சமதரையில் 15 கி.மீ. ஓடுவதற்கான மின்சாரம் அது. திரும்பி வரும்போது இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகி அதில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். இதே மலையில் லோனாவாலா ஏரிகளின் நீரைக் கீழே இறக்கி, 1915 முதல் கோபோலி நீர்மின் நிலையம் பம்பாய் ஆலைகளுக்கு மின்சாரம் அனுப்பியது. அதே தத்துவம்தான் காரிலும் சிறு அளவில் நிகழ்கிறது.

பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. நெல்லை ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில். ஆகவே தெற்கு நோக்கிச் செல்லும்போது, தொப்பூர் கணவாய் உட்பட, இறக்கம் கைகொடுக்கும். திரும்பும்போது அதே தொலைவுக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். போகும்போது எட்டிய தூரத்தை வரும்போதும் எட்டலாம் என்று நம்பி அடுத்த நிலையத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

சான்றிதழில் அச்சிட்டிருக்கும் தொலைவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே நெடுஞ்சாலையில் கிடைக்கும் என்று திட்டமிடுவது பாதுகாப்பானது. வேகம் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. 80 கி.மீ. வேகத்திலிருந்து 100 கி.மீ.க்கு உயரும்போது காற்றின் எதிர்ப்பு 56 சதவீதம் கூடுகிறது. பேட்டரி 80 சதவீதம் நிரம்பியபின் விரைவுச் சார்ஜ் வெகுவாக மெதுவாகிவிடும். எனவே வழியில் 15 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையே ஓட்டுவதே நடைமுறை. 40 யூனிட் பேட்டரி உள்ள காரில் இது ஏறத்தாழ 150 கி.மீ. நெல்லை வரை ஒன்பது, பத்து முறை நிறுத்த வேண்டும். 79 யூனிட் போன்ற பெரிய பேட்டரியில் ஐந்தாறு நிறுத்தங்கள் போதும்.

சிறிய பேட்டரிக்கு மூன்று நாள் பயணமாக வகுத்துக்கொள்வது முதியோருக்கும் குழந்தைகளுக்கும் இதமானது. இரவு தங்கும் விடுதியில் சார்ஜர் இருந்தால் காலையில் முழு பேட்டரியோடு புறப்படலாம். செயலியில் பச்சை நிறம் காட்டினாலும் விடுதிக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசி உறுதி செய்வது நலம். 60 கிலோவாட் என்று எழுதிய சார்ஜரில் இன்னொரு காரும் இணைந்தால் வேகம் பாதியாகக் குறையக்கூடும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் சற்று முன்னதாக மாற்று நிலையம் ஒன்றைக் குறித்து வைத்திருங்கள். தீபாவளி, பொங்கல் நாட்களில் வரிசை நீளும்.

செலவு எப்படி? யூனிட்டுக்கு ஐந்தரை கி.மீ. என்றால் 290 யூனிட். 20 ரூபாய் வீதம் 5,800 ரூபாய். பெட்ரோல் காருக்கு ஏறத்தாழ 10,700 ரூபாய் ஆகும். மிச்சமாகும் 4,900 ரூபாயில் பெரும்பகுதி கூடுதல் இரவுத் தங்கலுக்குப் போய்விடும். அடல் சேது, மும்பை–புனே விரைவுச்சாலை, சம்ருத்தி நெடுஞ்சாலை ஆகியவற்றில் மகாராஷ்டிர அரசு 2025 ஆகஸ்டில் மின்கார்களுக்குச் சுங்க விலக்கு அளித்தது. புனேவுக்கு அப்பால் வழக்கமான சுங்கம் உண்டு.

ஆகவே ஊர்ப் பயணத்துக்கென்றே பெரிய பேட்டரி வாங்க நினைப்பவர்கள் ஒரு கணம் நிதானிக்கலாம். அதற்காக 3 லட்சம் ரூபாய் கூடுதல் கடனை 9 சதவீத வட்டியில் 7 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதம் 4,827 ரூபாய், மொத்தம் 4 லட்சத்துக்கு மேல் திருப்பிச் செலுத்த வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஊர் செல்பவருக்கு ரயிலும், நெல்லையில் ஒரு வாரத்துக்கு வாடகைக் காரும் அதைவிட மலிவாக முடியும். ஆண்டில் நான்கைந்து முறை நெடும்பயணம் செல்பவருக்கோ அந்தக் கூடுதல் தொகை நியாயமானதே.

கடனும் காப்பீடும்

மின்கார்களுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். மகாராஷ்டிரத்தில் வாகன வரி விலக்கும் உண்டு. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததால், சிறிய கார்களில் விலை வேறுபாடு கூடியிருக்கிறது. பழைய ஒப்பீடுகளை ஒதுக்கிவிட்டு இன்றைய சாலைவிலையை வைத்தே கணக்கிடுங்கள்.

வருமான வரிச் சட்டத்தின் 80 இ.இ.பி. பிரிவில் கிடைத்த 1.5 லட்சம் ரூபாய் வரையிலான வட்டிக் கழிவு, 2023 மார்ச் 31 வரை ஒப்புதல் பெற்ற கடன்களுக்கு மட்டுமே உரியது. புதிய கடனுக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம். மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக் கட்டணத்தில் மின்கார்களுக்கு 15 சதவீதத் தள்ளுபடி 2022 முதல் நடைமுறைக்கு வந்தது.

பல வங்கிகள் மின்கார் கடனுக்குச் சற்றுக் குறைந்த வட்டி தருகின்றன. 10 லட்சம் ரூபாயை 7 ஆண்டுகளில் திருப்பும்போது 9 சதவீத வட்டியில் தவணை 16,089 ரூபாய். கால் சதவீதம் குறைந்தால் 15,962 ரூபாய். மாதம் 127 ரூபாய் மிச்சம். தவணைக் காலத்தை 5 ஆண்டாகக் குறைத்தால் தவணை 20,758 ரூபாயாக உயரும். ஆனால் மொத்த வட்டியில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். சலுகை வட்டியைவிடத் தவணைக் காலமே பெரிய முடிவு.

அந்தக் காலத்தைப் பேட்டரி உத்தரவாதத்தோடு பொருத்திப் பாருங்கள். பெரும்பாலும் அது 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முந்தியதோ அதுவரை. உத்தரவாதம் முடியும் முன்பே கடன் முடிந்துவிட வேண்டும். நிறைய ஓட்டும் வாடகைக் காருக்கு 1,60,000 கி.மீ. என்ற வரம்பு நான்கே ஆண்டில் வந்துவிடும். சில மாதிரிகளுக்கு வாழ்நாள் உத்தரவாதம் தரப்படுகிறது. அது முதல் உரிமையாளருக்கு மட்டுமா, காரை விற்றால் தொடருமா என்று நிபந்தனையைப் படியுங்கள். மறுவிற்பனை விலை அதைப் பொறுத்தது.

பேட்டரியை வாங்காமல் கிலோமீட்டர் கணக்கில் வாடகை செலுத்தும் திட்டமும் உண்டு. எம்.ஜி. வின்ட்சர் 2024 செப்டம்பரில் இவ்வகையில் 9.99 லட்சம் ரூபாய் விலையிலும் கிலோமீட்டருக்கு 3.5 ரூபாய் வாடகையிலும் அறிமுகமானது. அந்த வீதத்தில் ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டினால் 42,000 ரூபாய். தொடக்க விலை குறைவதால் கடனும் குறைகிறது. ஆனால் வாடகையும் ஒரு மாதத் தவணையே. இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

ஐந்து கேள்விகளுக்கு விடையை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரவில் கார் எங்கே நிற்கும், அங்கே எர்த்துடன் கூடிய தனி மின்இணைப்பு கிடைக்குமா? அங்கே ஒரு யூனிட் என்ன விலை? மாதம் உண்மையில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்? ஆண்டில் எத்தனை முறை நெடும்பயணம்? கடன் முடியும்போது பேட்டரி உத்தரவாதத்தில் எத்தனை ஆண்டு மீதமிருக்கும்?

முதல் இரண்டுக்கும் உறுதியான விடை கிடைத்தவர், மாதம் 1,000 கி.மீ.க்கு மேல் ஓட்டுபவராகவும் இருந்தால் தயக்கமின்றி மின்காரை நாடலாம். விடை கிடைக்காதவர் சொசைட்டியின் அடுத்த பொதுக்கூட்டம் வரை காத்திருப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. அந்த மாதங்களில் முன்பணத்தைச் சேர்த்துக்கொண்டால், வாங்க வேண்டிய கடனாவது குறையும்.